குலுக்கலில் விழுந்த இடம்

"ஏன்டா நார்மன், இத்தனை வருஷப் பழக்கத்துக்கு நீ குடுக்கிற மரியாதை இதுதானா?"

போனில் கிளைவ் அட்டர்பி போட்ட சத்தத்தில், மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் ரோவினா பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"மெதுவாப் பேசுடா. குலுக்கல்ல அவளுக்கு ஃபெல்சைடு காலேஜுன்னு விழுந்திருக்கு. நான் என்ன பண்ண?" என்றார் நார்மன்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பாடம் எல்லோருக்கும் பொது. தங்குவது, சாப்பிடுவது, ஆற்றில் படகுப் போட்டிக்கு இறங்குவது எல்லாம் அவரவர் கல்லூரியோடு. எந்தக் கல்லூரி வேண்டும் என்று கேட்பார்கள். கேட்ட இடம் நிரம்பிவிட்டால் குலுக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஆற்றங்கரையில் இருந்த ஆஸ்வின் கல்லூரியில் கிளைவும் நார்மனும் ஒரே அறையில் இருந்தவர்கள். படகு அணித் தலைவராக இருந்த கிளைவின் பெயர் அங்கே சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இன்றும் பொன்னெழுத்தில் இருக்கிறது. நார்மன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, இப்போது அந்தக் கல்லூரிக்கே தலைவர். ரோவினாவுக்கு ஞானத்தந்தையும் அவர்தான்.

மனைவி போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தவர் கிளைவ். அவளை ஆஸ்வினில் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

"குலுக்கலா? யாருக்குக் காது குத்துற? தலைவர் பார்த்துச் சேர்த்துக்க நாலஞ்சு இடம் உண்டுன்னு எனக்குத் தெரியாதா?"

"இருந்துச்சு. குடுத்தாச்சு."

"யாருக்கு? லாரி ஓட்டுறவன் மகனுக்குக் குடுத்தியாமே!"

"ஆமா. நல்ல பையன்."

"என் பொண்ணு மட்டும் மலை மேல, அந்த சிமென்ட் டப்பாவுல கெடக்கணும்?"

நார்மன், "மன்னிச்சுக்கடா," என்றார்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காத!"

போனை வைத்தவரிடம் ரோவினா மெல்ல வந்தாள். "அப்பா, ஃபெல்சைடே எனக்குப் போதும்ப்பா. அவரை ஏன் திட்டுறீங்க?"

"நீ சும்மா இரும்மா. உனக்கு அவனைப் பத்தித் தெரியாது."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நார்மன் வழக்கம்போல ஒயின் பாட்டிலோடு வந்து மணியடித்தார். கிளைவ் கதவைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் பனியில் திரும்பி நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோவினாதான் கோட்டைக் கூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினாள்.

பழைய நண்பர்கள் யாராவது சமாதானம் பேச வந்தால், "பதவி வந்ததும் அய்யாவுக்குப் பழசெல்லாம் மறந்துபோச்சு," என்று கிளைவ் அவர்கள் வாயை அடைத்துவிடுவார்.

ஃபெல்சைடில் ரோவினா நன்றாகத்தான் இருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டவள், நாடகக் குழு ஒன்றை நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். மேடையில் அவளைப் பார்த்து மற்றவர்கள் கைதட்டும்போதும் கிளைவ் முணுமுணுத்தார்: "ஆஸ்வினா இருந்திருந்தா இன்னும் எங்கேயோ போயிருப்பா."

பட்டமளிப்பு நாள் வந்தது. பேராலயத்தில் சடங்கு முடிந்து, வெளியே புல்வெளியில் எல்லோரும் ஸ்ட்ராபெரியும் கிரீமுமாக நின்றிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நார்மன் வந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"கிளைவ், நான் ஓய்வு வாங்கிட்டேன். நியூசிலாந்துல அக்காகூடப் போய் இருக்கப் போறேன். இன்னிக்கே கிளம்பறேன்." கையை நீட்டினார்.

கிளைவ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அந்த லாரிக்காரன் மகன் இங்கதான் எங்கேயாவது நிப்பான். அவனுக்குப் போய்க் கைகுடு."

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய கையை நார்மன் மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"வரேன்டா," என்றார். ரோவினாவை அணைத்துத் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, தெருவில் காத்திருந்த டாக்ஸியில் போய் ஏறினார்.

"இப்பத்தான் எனக்கு மனசு ஆறிச்சு," என்றார் கிளைவ்.

ரோவினாவின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "அவர் ஒண்ணும் பண்ணலைப்பா."

"என்னது?"

"அவர் எனக்கு ஆஸ்வின்ல இடம் எடுத்து வச்சிருந்தார். நான்தான் தனியாப் போய் அவரைப் பார்த்து, வேண்டாம்னு அழுதேன்."

கிளைவுக்கு முதலில் அது காதில் விழுந்ததே தவிர, விளங்கவில்லை.

"சின்ன வயசுலேருந்து உங்க ஆஸ்வின் கதையைக் கேட்டே வளர்ந்தவப்பா நான். அங்க போனா, படிச்சு முடிக்கிற வரைக்கும் கிளைவ் அட்டர்பி பொண்ணுன்னுதான் கூப்பிடுவாங்க. யாருக்கும் உங்களைத் தெரியாத ஒரு இடத்துல கொஞ்ச நாள் இருந்து பார்க்கணும்னு தோணிச்சு."

டாக்ஸி பாலத்தைத் தாண்டித் திரும்பிவிட்டது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார் கிளைவ்.

"இதை அப்பவே சொல்றதுக்கென்னம்மா?" மகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லலைன்னா, அவனாவது சொல்லியிருக்கலாமே!"

"நான் சொல்லிடறேன்னு எத்தனையோ தடவை கெஞ்சினேன். அந்தக் கிறிஸ்துமஸன்னிக்குப் பனியில பின்னாலயே ஓடிப் போய்க் கேட்டேன். 'வேண்டாம்மா, பழி என் மேலேயே இருக்கட்டும். என்னை வெறுத்துட்டு உங்கப்பா இருந்துடுவான். நீ அவனை விட்டு விலகி இருக்க நெனச்சேன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான்'னு சொல்லிட்டார்ப்பா."