எட்டாவது குழிக்குப் போகும் வழியில்

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஆட்காட்டிக் குருவி புல்வெளியில் நடந்து வந்தது. நின்றது. நடுவர் அடித்த கோல்ஃப் பந்தைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அலகால் மெல்ல உருட்டித் தன் பக்கம் இழுத்தது.

பிறகு இறகைத் தளர்த்தி, அதன்மேல் உட்கார்ந்தே விட்டது.

நடுவருக்கு வாயெல்லாம் சிரிப்பு. உலகின் தலைசிறந்த நூறு கோல்ஃப் மைதானங்களை வரிசைப்படுத்தும் பத்திரிகைக்காக நாடு நாடாகப் போகிறவர். எத்தனையோ ஊர்ப் புல்லை மிதித்தவர், மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குந்திக்கொண்டார்.

“ஏம்மா, என் பந்தை முட்டைன்னு நெனச்சிடுச்சா? அப்போ அதோட முட்டைங்க எங்க?”

கிளப் செயலாளர் அவள்தான். அவளைத்தான் கேட்டார்.



இந்த மலை மைதானத்தை அந்த நூற்றுக்குள் நுழைத்துவிட நாயாய்ப் பேயாய் அலைந்தவள் அவள். நடுவர் வருகிற நாளில், எட்டாவது குழிக்குப் போகும் வழியில் மட்டும் புல் வெட்டாமல் திட்டாக நிற்கலாமா?

குருவி முட்டையிட்ட இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவது இங்கே வழக்கம். குஞ்சு பொரிக்கும்வரை அங்கே வெட்டும் இயந்திரம் போகாது. யாரும் அந்தப் பக்கம் பந்தடிக்கவும் மாட்டார்கள்.

இன்று விடிந்ததும் அவளே கயிற்றை அவிழ்த்தாள். முட்டைகளைத் தொப்பியில் அள்ளிப் போய் சீகை மரத்தடியில் வைத்தாள். கொஞ்சம் தள்ளித்தானே, தாய்க்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தாள்.

தெரியாமல் போயிற்று.

கீரி தின்றிருக்கும் சார் என்று சொன்னால் போதும். நம்பிவிடுவார். புல்லை அவர் ஏற்கெனவே புகழ்ந்தாயிற்று.

ஆள் நிழல் பட்டாலே ஊரைக் கூட்டுகிற பறவை அது. இரண்டு பேர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது வாய் திறக்கவில்லை. பந்தின்மேல் இன்னும் கொஞ்சம் அழுந்திக்கொண்டது.



நடுவர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தொப்பியைக் கழற்றினாள். மரத்தை நோக்கி நடந்தாள். பிறகு ஓடினாள்.

பின்னால் அவரும் வருவது கேட்டது. வரட்டும்.

மண்டியிட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்று சில்லிட்டிருந்தன.

இன்னும் சூடு ஆறாத நான்காவதன்மேல் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.