நெஞ்சுக்கறிக்குத் தொட்டுக்கொள்ள

"பொண்ணு மெதுவா வரட்டும். மொதல்ல கறியைக் கொண்டாங்க" என்று பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் இந்திராணி. பக்கத்தில் மாப்பிள்ளை சம்பத், புதுச் சட்டையில் விறைப்பாக இருந்தான்.

பெண்ணின் அப்பா நாகபூஷணம் உள்ளே ஓடினார். அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கிப் புகையில் கறுத்திருந்த நெஞ்சுக்கறி, வெந்நீரில் குளித்து, உரலில் அடிவாங்கி, கடலை எண்ணெயில் வதங்கி இலைக்கு வந்தது. கூடவே கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், புளிச்சகீரைக் கடைசல்.

இந்திராணி ஒவ்வொன்றாகத் தொட்டு நக்கித் தீர்ப்பு சொன்னாள்.

"களிக்குத் துவையல் சரிதான். கீரைதான் சப்புனு கீது. காளஹஸ்தியில மொளகா கிள்ளிப் போட்டுக் கடைவாங்க, நாக்கு எரியும். சத்தியவேட்டுல மாங்காயச் சுட்டு நசுக்கி வெச்சாங்க. கொழுப்புக் கறிக்கு அதுதான் ஜோடி."

"நெறைய ஊரு பாத்துக்கினு வந்துக்கறீங்கம்மா" என்றார் நாகபூஷணம் பணிவாக.

"புள்ளைக்குப் பொண்ணு அமையணுமே!"

"அக்கா, அந்தக் கொழுப்புத் துண்ட இப்படித் தள்ளு" என்ற புள்ளை, தொடையில் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டு, "அம்மா" என்று திருத்திக்கொண்டான்.

இந்திராணிக்குப் பிள்ளை கிடையாது. சம்பத் திருச்சானூரில் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மகன். தங்கள் ஜனத்தில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நெஞ்சுக்கறி போடாமல் அனுப்ப மாட்டார்கள் என்பது அவள் மூளையில் உறைத்த நாளிலிருந்து, அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிந்ததில்லை.

பெண் சுந்தரி வந்து நின்றாள்.

"பல்லைக் காட்டு." காட்டினாள். "நட." நடந்தாள்.

"கறி தொங்குன எடத்துலயே உன்னையும் தொங்கவுட்டாங்களா, இப்படிக் கறுத்துக் கீற? போவட்டும், களி போடு."

சுந்தரி முகம் மாறாமல் களி போட்டாள். இலை காலியாகக் காலியாகக் கறி வைத்தாள். சம்பத் ஒரு தடவைகூட நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. கறி வைக்கும் கையைத்தான் பார்த்தான்.

"நீங்களும் உக்காந்து துன்னுங்க" என்றாள் இந்திராணி, மீந்து போகுமோ என்ற பயத்தோடு.

"நீங்க இருக்க நாங்க தொடுவமா? ஏர் மாட்டு ஜோடியில ஒண்ணும்மா. இனிமே ஏருக்கு ஆவாதுன்னு ஆயிடுச்சி. மொத்தமும் உங்களுக்குன்னே புகை போட்டது."

ஏர் மாட்டையே அறுத்துவிட்டான் பைத்தியக்காரன் என்று தெரிந்ததும் அவளுக்குக் கறியின் ருசி கூடிவிட்டது.

சம்பத் மெல்ல முடியாத ஜவ்வு ஒன்றை வாசல் நாய்க்கு எறிந்தான். நாகபூஷணம் பாய்ந்து போய் நாயை எட்டி உதைத்து, வாயிலிருந்து ஜவ்வைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். சரியான கஞ்சன் என்று இந்திராணி நினைத்துக்கொண்டாள்.

ஏப்பம் வந்ததும் அவள் வழக்கமான பாட்டை எடுத்தாள்.

"பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா உங்க ஊரு ஆந்திராவா, மெட்ராஸான்னு டில்லிக்காரங்களே இன்னும் சொல்லல. நாளைக்கு மெட்ராஸ் பக்கம் போயிட்டீங்கன்னா? வேற ராஷ்டிரத்துலயா போயி பொண்ணு எடுக்கறது? எல்லை முடிவாவட்டும், ஆள் அனுப்பறோம்."

"சத்தியவேட்டுலயும் இதேதான் சொன்னீங்களாமே" என்றார் நாகபூஷணம்.

இந்திராணியின் விரல் வாயிலேயே நின்றது. "யாரு சொன்னது?"

"அங்க ரங்கையா என் மச்சான். அவரு பொண்ணு தாட்சாயணி, எல்லை எப்ப முடிவாவும்னு வர்ற போறவங்களையெல்லாம் கேட்டுக்கினு இருந்தா. போன மாசம் கெணத்துலேர்ந்து எடுத்தோம்."

சம்பத்துக்குப் புரையேறியது. இந்திராணி அவன் தலையில் தட்டினாள்.

"ஐயோ பாவம். அது அந்தப் பொண்ணு தலையெழுத்து, நாங்க என்னா பண்றது? டேய், எழுந்திரு. பஸ்ஸு போயிடும்."

வாசலில் சுந்தரி செம்போடு காத்திருந்தாள். குனிந்து, இருவர் கையிலும் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"நல்லா கழுவிக்குங்க அத்தை. வெறிநாய் கடிச்ச மாடு அது."