அங்கே எப்படி இருக்கும்?

"நரகத்துல எரிஞ்சுக்கிட்டே இருப்பாங்கன்னு சொன்னீங்களே ஐயா, அது நிச்சயந்தானா?"

கேட்ட அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தையல் ஆலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேரே வந்திருந்ததால், புடவையெல்லாம் வெள்ளை நூல் துணுக்கு.

போதகர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நிச்சயம்மா. அதுல எள்ளளவும் சந்தேகம் வேணாம்."

உள்ளுக்குள் அவருக்கு ஒரு நிறைவு. கொஞ்ச நாளாகவே இப்படிப் பயந்துபோய்க் கதவைத் தட்டுகிறவர்கள் கூடியிருந்தார்கள். எல்லாம் அந்த அடக்க ஆராதனைக்குப் பிறகுதான்.

அன்று பெட்டிக்குள் கிடந்தவன் இந்த அம்மாளின் ஒரே மகன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், வேலை செய்துகொண்டிருந்தபோதே லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்துப்போனான். சபைப் பக்கம் தலைகாட்டிப் பல வருஷமாகியிருந்தது. குடியும் உண்டு.

போதகர் சவப்பெட்டியின் மூடியை உள்ளங்கையால் தட்டினார். "மனந்திரும்பாமல் போன இவன் இந்த நிமிஷம் எங்கே இருக்கிறான் தெரியுமா? எரிந்துகொண்டிருக்கிறான்! இறங்க முடியாது, ஏற முடியாது, ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது!"

ஆலயமே குலுங்கியது. மகனோடு வேலை பார்த்த இரண்டு பேர் அங்கேயே முழங்காலிட்டுக் கதறினார்கள். முன்வரிசையில் இந்த அம்மாள் மட்டும் அழவில்லை. பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சபையார் போதகருக்கு மறைவில் வைத்திருந்த பெயர் 'அடுப்பு ஐயா'. மழைக்காலத்தில் ஐயாவின் பிரசங்கத்துக்குப் போனால் போர்வையே வேண்டாம் என்று சிரித்துக்கொள்வார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், விளக்கை அணைக்காமல் படுப்பார்கள்.

அடக்கம் முடிந்து வீடு திரும்பியதும் அவர் மனைவி கேட்டாள். "பெத்தவ முன்னாடி உக்காந்திருக்கா. அவ்வளவு பேசணுமாங்க?"

"வீடு தீப்பிடிச்சு எரியுது. உள்ள தூங்குறவனைத் தாலாட்டுப் பாடியா எழுப்புவாங்க?" அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "எங்கப்பா குடிச்சே செத்தாரு. நானும் அதே வழியிலதான் போய்க்கிட்டிருந்தேன். என்னைப் புடிச்சு நிறுத்துனது பயம்தான்."

"உங்களை நிறுத்துச்சு, சரி. இந்தப் பையன் சின்ன வயசுல உங்க பிரசங்கத்தைக் கேட்டுட்டு ராத்திரியெல்லாம் தூங்க மாட்டானாம். அதனாலதான் சபைக்கே வராம நின்னுட்டான்னு அவங்கம்மா ஒரு தடவை சொன்னாங்க. அவனை அந்தப் பயம் எங்க கொண்டுபோய் விட்டுச்சு?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இப்போது அந்த அம்மாளே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். கோபித்துக்கொள்வாளோ என்று அவருக்கும் ஒரு உதறல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவள் குரலில் கோபமே இல்லை. ஊருக்குப் போகிறவள் வழி விசாரிப்பதுபோல நிதானமாகக் கேட்டாள்.

"அங்க இருக்கறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் தெரியுமா ஐயா?"

போதகர் நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாரும் அவரிடம் கேட்காத கேள்வி.

"தெரியும்மா. கண்ணால பாத்துக்கிட்டே ஒண்ணும் செய்ய முடியாம தவிப்பாங்க. அதுவே பெரிய வேதனை."

அவள் மெல்லத் தலையாட்டினாள். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்த மாதிரி இருந்தது. வசனம் உள்ளே இறங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டார் அவர்.

"எந்த நாளாவது அதுலேருந்து வெளிய விடுவாங்களா?"

"மாட்டாங்க. அந்தக் கதவு உள்ளேருந்து திறக்காதும்மா."

"அப்ப அவன் இனிமே இங்கிட்டு வர முடியாது."

"முடியாது. மனசைத் தேத்திக்குங்க." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பல வருஷத்தில் முதல்முறையாக அவர் குரல் தணிந்தது. "ஆனா நீங்க எதுக்கும்மா கலங்குறீங்க? ஒரு வாரம் ஆராதனைக்கு வராம இருந்திருக்கீங்களா? உபவாசம் தவறியிருக்கீங்களா? அடுத்தவங்க மனசு நோகற மாதிரி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க போற எடம் மோட்சம்தான்."

அந்த அம்மாளின் முகம் வெளிறிப்போயிற்று.

"நிச்சயமாவா ஐயா?"

"நிச்சயமா."

மகனைக் குழியில் இறக்கியபோதுகூட அழாதவள், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த போதகரின் மனைவி, வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா," போதகர் பதறிப்போனார். "அதான் சொல்லிட்டேனே, உங்களுக்கு நரகம் கெடையவே கெடையாது!"

"வேற வழியே இல்லையா ஐயா?" அவள் கைகூப்பினாள். "இத்தனை வருஷம் நான் பண்ணின ஜெபத்தையெல்லாம் ஆண்டவரைத் தள்ளிடச் சொல்லுங்க. இல்லேன்னா, மன்னிப்பே கெடைக்காத பாவம் எதுன்னாவது சொல்லிக் குடுங்க."

போதகருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "தப்பிக்கத்தான் எல்லாரும் எங்கிட்ட வழி கேப்பாங்க. நீங்க எதுக்கு வழி கேக்குறீங்க?"

"எம்புள்ள இருக்கற எடத்துக்குப் போறதுக்கு ஐயா."