நுரை வேண்டாம்

சியாமளா இன்றும் கோப்பையைத் தூக்கி, அண்ணாந்து குடித்தாள்.

உதடு படவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. டார்ம்ஸ்டாட் நகரின் அந்தச் சின்ன இத்தாலியக் காபிக் கடையில் இருந்த ஜெர்மானியர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாதி குடித்ததும் கோப்பையை வைத்தாள். சாசரை எடுத்து அதன்மேல் மூடினாள்.

காபி இயந்திரத்துக்குப் பின்னால் நின்ற குருமூர்த்திக்கு வயிறு எரிந்தது.

மூன்று மாதமாக இதே கூத்துதான். அவன் வேலை பார்க்கும் நாட்களில் சரியாக நாலு மணிக்கு ரசாயன லேபிலிருந்து வருவாள். "பால் காபி. நுரை வேண்டாம்" என்பாள். பாதியைக் குடித்து, மீதியைக் காணச் சகிக்காத பொருளைப் போல மூடி வைத்துவிட்டுப் போவாள். அவன் அதைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கோப்பையைக் கழுவுவான்.

மற்ற நாளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவான். இன்று முடியவில்லை. நேற்றுப் பார்த்துவிட்டான்.

நேற்று சந்திரமௌலியின் முறை. அவனும் இவனைப் போல இன்ஜினியரிங் படிக்க வந்தவன்தான். இருவரும் ஒரே வேலையை வாரத்தில் மும்மூன்று நாள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். மறந்து வைத்த மப்ளரை எடுக்கப் போன குருமூர்த்தி, பனி படிந்த கண்ணாடிக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே சியாமளா சந்திரமௌலி போட்ட கப்புச்சீனோவை வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். மேலுதட்டில் நுரை மீசை. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தாள்.

மப்ளரை எடுக்காமலே குருமூர்த்தி திரும்பிவிட்டான்.

காபியில் குறை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சந்திரமௌலி பாலைத் தீய்த்துவிடுவான். புரொபசர்கள்கூட வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, குருமூர்த்தி நின்றால்தான் உள்ளே வருவார்கள். நெரிசலான காலை வேளையில் இயந்திரத்தின் கைப்பிடி எகிறித் தாடையில் அறைந்த நாள் உண்டு. ஆவிக்குழாய் சுட்ட தழும்பு மணிக்கட்டில் இருக்கிறது. அதையெல்லாம் சும்மாவா வாங்கினான்?

அப்படியென்றால் குறை காபியில் இல்லை, போட்ட கையில்.

கடல் தாண்டிப் படிக்க வந்தவளுக்கு இவன் கை பட்ட கோப்பையில் உதடு வைக்க என்ன கூச்சம்? என்ன ஜாதி என்று யாரிடம் விசாரித்தாளோ. சரி, சந்திரமௌலி மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவனா?

இத்தனைக்கும் முதல் நாள் எவ்வளவு நன்றாகப் பேசினாள். அது ஒரு சனிக்கிழமை, நல்ல கூட்டம். அவனும் சந்திரமௌலியும் சேர்ந்தே நின்றார்கள். "நீங்க குடிச்சாச்சா?" என்று அவள்தான் கேட்டாள். நாள் முழுக்கப் போட்டாலும் தங்களுக்கு ஒரு வாய் கிடையாது, மேஜையில் மிச்சமாவதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி புரூனோவின் சட்டம் என்று குருமூர்த்தி சொன்னான். அந்த நேரம் பார்த்து யாரோ கடித்து வைத்த கேக்கை சந்திரமௌலி கூசாமல் வாயில் போட்டுக்கொண்டான். "சீ, எச்சில்!" என்று குருமூர்த்தி முகத்தைச் சுளித்ததற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த முறை வந்தபோதுதான் அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள்.

இப்போது எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவள் போய்க் கதவு சாத்தும்வரை குருமூர்த்தி காத்திருப்பான். இன்று காத்திருக்கவில்லை. நேரே மேஜைக்குப் போய்க் கோப்பையை எடுத்து வந்தான். அவள் பார்க்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, சாசரைத் தள்ளி, அப்படியே தொட்டியில் கவிழ்த்தான்.

இன்னும் ஆவி பறந்தது.

பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"தினமும் இப்படித்தான் கொட்டுறீங்களா?"

"பின்னே? வேற என்ன பண்றதாம்?" அவன் குரலில் இருந்த விஷம் அவனுக்கே கேட்டது.

சியாமளா தொட்டியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான்தான் வாய் வைக்கலயே," என்றாள் மெதுவாக. "மிச்சம் இருந்தா எடுத்துக்கலாம்னு சொன்னீங்களேன்னுதான்..."

குருமூர்த்தி கையிலிருந்த காலிக் கோப்பையைப் பார்த்தான். வாரத்துக்கு மூன்று நாள். மூன்று மாதம். ஆறிவிடாமல் சாசரால் மூடி வேறு வைத்திருக்கிறாள்.

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கோட்டைக் கழற்றினாள். பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு போடுங்க. நுரையோட."

அப்படி ஒரு காபியை அவன் அதற்கு முன்னால் போட்டதில்லை. நுரை கோப்பைக்கு மேலே எழும்பி நின்றது.

சியாமளா கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி விளிம்பில் உதடு வைத்தாள். நிதானமாகக் குடித்தாள். மேலுதட்டில் படிந்த நுரையைத் துடைத்தாள். சிரிக்கவில்லை. போய்வருகிறேன் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே போனாள்.

அவன் கோப்பையை எடுத்தான். விளிம்பில் அவள் உதட்டின் தடம் இருந்தது.

தொட்டிக்கு மேலே கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டும் விழவில்லை.