தவளையின் கன்னம்

கோடை வந்தால் ஓணான் வெட்டிவேரையும் கற்றாழையையும் ஊறவைத்து, முகத்துக்கு ஈரம் தரும் டோனர் தயாரிக்கும். எதைச் செய்தாலும் முதலில் தவளையிடம்தான் கொண்டுவரும்.

"பூ மாதிரி தோல் உங்களுக்குத்தான்க்கா. போட்டுப் பாருங்க."

அதைக் கேட்டதுமே தவளைக்கு உச்சி குளிர்ந்துவிடும். கன்னம் வெந்து தோலுரிந்த நாள்களில்கூட அது முகம் சுளித்ததில்லை.

இந்த முறை எரியவில்லை. குளுகுளுவென்று இருந்தது.

"தம்பி, இதுல எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வை."

"உங்களுக்கே எரியலைன்னா வேற யாருக்கும் எரியாது," என்ற ஓணான், பாட்டில்களை மொத்தமாகக் கட்டிக்கொண்டு கீரிப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியது. "நாளைக்குப் புதுசா ஒண்ணு கொண்டாறேன்க்கா."

புதியதற்குக் கன்னம் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று, மிச்சமிருந்த குளிர்ச்சியைத் தவளை தானே கழுவிவிட்டது.