நடு ஸ்பீக்கர்

முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள்: கிளாரன்ஸ், அவர் மனைவி ஜெனவீவ், ஸ்பீக்கர் பொருத்த வந்த பரஞ்சோதி. எண்பத்தெட்டில் மலேசியாவின் பாக்கார் ஆராங்கில் மூன்று ஸ்பீக்கர் வைத்து வீடியோ பார்த்த வீடுகள் அதிகமில்லை.

"பாட்டும் சண்டையும் ரெண்டு பக்கமும் வரும்ணே. பேச்சு மட்டும் நடுவுல," என்று பரஞ்சோதி மூன்றாவதை டிவி மேல் வைத்தான். அங்கே இருந்த மகன் டெஸ்மண்டின் படத்தை ஜெனவீவ் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமேலாவது கதவப் பூட்டு," என்றார் கிளாரன்ஸ். "இல்லாட்டி திருடன் லோரியோட வருவான்லா."

"கடைசியா வர்றவங்கதான் பூட்டணும்," என்றாள் ஜெனவீவ்.

அது அந்த வீட்டுப் பழக்கம். டெஸ்மண்ட் வேலை முடிந்து வரும் வழியில் லூனாஸ் சாலையில் மோட்டார் சைக்கிள் மோதிச் செத்தான். அன்றிலிருந்து ஜெனவீவ் வாசற்கதவைப் பூட்ட விடவில்லை.

பரஞ்சோதி நடு ஸ்பீக்கரின் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான். இன்னும் மாட்டவில்லை.

"அம்மா, சாப்பாடு இருக்கா?" என்றது ஸ்பீக்கர்.

டெஸ்மண்டின் குரல்தான். பரஞ்சோதி தன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான்.

"இருக்குய்யா. மொதல்ல கதவப் பூட்டிட்டு வா," என்றாள் ஜெனவீவ், திரும்பாமலே.

மூவரின் முதுகுக்குப் பின்னால் வாசற்கதவு சாத்திக்கொண்டது. பிறகு பூட்டில் சாவி திரும்பியது.