சிந்தாத மூட்டை

குண்டு போடும் விமானம் ஒன்று, அன்று குண்டுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பட்டினி கிடக்கும் ஊருக்குச் சோறு கொண்டுபோகிறோம் என்று அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாருடா, இன்னைக்கு ஊரே என்னைக் கையெடுத்துக் கும்பிடும்," என்றது வயிற்றுக்குள் கிடந்த மூட்டை ஒன்றிடம். "போன வாரம் எதிரி கையிலே இருந்த ஊரு. இப்ப நம்ம ஊராச்சே!"

மூட்டைக்கும் அந்தப் பேச்சு இனித்தது. கீழே விழுந்தாலும் ஒரு மணி சிந்தக் கூடாதென்று அதை இரட்டைச் சாக்கில் கட்டித் தைத்திருந்தார்கள்.

விமானம் பனைமர உயரத்துக்குத் தாழ்ந்தது. இரைச்சல் கேட்டதுதான் தாமதம், சனங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு பதுங்குகுழிக்குள் பாய்ந்தார்கள்.

"நன்றிகெட்ட ஜென்மங்கள்!" என்று திட்டிக்கொண்டே விமானம் மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் பறந்தது.

அந்த மூட்டை ஒரு பெரிய பள்ளத்துக்குள் போய் விழுந்தது.

"அண்ணே, பக்கத்திலே வீடு ஏதாவது இருக்கா?" என்று பள்ளத்திடம் கேட்டது.

"போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் நானே வீடுதான், தம்பி," என்றது பள்ளம். "ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தாங்க. இப்ப உன்னைப் போட்டுட்டுப் போச்சே, அன்னைக்கும் அதுதான் வந்துச்சு."

மூட்டை தன் தையலைப் பார்த்துக்கொண்டது. ஒரு மணி அரிசிகூடச் சிந்தவில்லை.